உப்புக் கேட்கப் போனவள்

முதலில் ஒரு சின்ன விஷயம். எனக்கு இடது முழங்காலில் வாதம் உண்டு. கடல்காற்று ஈரமாக அடித்தால் அதிக நேரம் நிற்க முடியாது. ஆகையால் பாதிரியார் ஐயா இதை வாசிக்கும்போது, வழக்கம்போல நடுவில் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்காமல், ஒரே மூச்சில் வாசித்துவிட்டால் நல்லது.

நம் சபையின் இந்த வழக்கம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். தவறு செய்தவர் எழுதிக் கொடுப்பார், பாதிரியார் வாசிப்பார், எழுதியவர் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடுப்பாதையில் நிற்பார். வாசித்து முடித்ததும் நீங்கள் கை உயர்த்துவீர்கள். மன்னித்தாயிற்று. அடுத்த ஞாயிறு அவர் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொள்ளலாம். கல்யாணமான ஐந்தாம் மாதமே பிள்ளை பெற்ற எத்தனையோ பேர் அந்த இடத்தில் நின்று போயிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். முன்வரிசையிலேயே இருவர் இருக்கிறீர்கள்.

நான் ஹல்டா வின்ஸ்லோ, இந்தச் சபையின் காரியங்களைப் பார்த்துவந்து மறைந்த டீக்கனார் ஏசா வின்ஸ்லோவின் மனைவி. கடைக்காரர் சைலஸ் கிரின்னல் செத்ததைப் பற்றியும், அதற்காக ஜெருஷாவுக்குத் தூக்கு என்று தீர்ப்பானதைப் பற்றியும் எழுதுகிறேன். அவள் உயிர் என்னுடைய ஒரு சொல்லில் தொங்கியது. அது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நாம் எதிர்த்துச் சண்டை போடுகிற ராஜாவின் கப்பல்கள் துறைமுக வாயிலில் வந்து நின்ற நாளிலிருந்து தீவுகளிலிருந்து உப்பு வருவது நின்றுபோனது உங்களுக்கே தெரியும். காப்பி இல்லாமல் இருந்துவிடலாம், சர்க்கரை இல்லாமலும் இருந்துவிடலாம். உப்பில்லாத ஊரில் நவம்பர் மாதம் பன்றியை அறுப்பதும் ஒன்றுதான், ஆற்றில் தள்ளிவிடுவதும் ஒன்றுதான். அறுத்த கறி உப்பில் கிடந்தால்தான் மார்ச் வரை பிள்ளைகள் சாப்பிடும்.

ஊர்க்குழு ஒவ்வொரு சாமானுக்கும் நியாய விலை குறித்து ஆலயக் கதவில் ஒட்டியது. ஒட்டிய மறுநாளே சாமான்கள் கடைகளிலிருந்து மாயமாகிவிட்டன. ஆண்கள் பாதிப்பேர் சண்டைக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேர் குழுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எனவே பெண்கள் நாம் கிளம்பினோம்.

நாம் கொள்ளைக்காரர்கள் இல்லை என்பதை இங்கே மீண்டும் சொல்ல விரும்புகிறேன். நமக்கு ஒரு முறை இருந்தது. ஒருத்தி மட்டும் சாமான் அளக்கிற காலி மரக்காலை எடுத்துக்கொண்டு கடைக்குள் போய், நியாய விலைக்குக் கொடுப்பீர்களா என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். கொடுக்கிறேன் என்றால் எல்லாரும் வரிசையாகப் போய் வாங்கி, காசைக் கடைப்பலகைமேல் வைத்துவிட்டு வர வேண்டும். மாட்டேன் என்றால்தான் அவன் மேலும் கதவு மேலும் கை வைக்கலாம். மாட்டேன் என்றவன் ஊருக்குப் பகையாளி. அதன்பிறகு அவன் என்ன சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது, ஏனென்றால் கதவு உடைகிற நேரத்தில் எல்லாரும்தான் கொடுக்கிறேன் என்பார்கள்.

கேட்கப் போகிறவளாக எப்போதும் என்னைத்தான் அனுப்பினீர்கள். டீக்கனார் வீட்டுப் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று நீங்கள் நினைத்ததில் தவறில்லை. அதுவரை நான் சொன்னதும் இல்லை. ஆனால் சபையில் முன்வரிசைப் பெண் தெருவில் நின்று கத்துவது அழகில்லை. அதனால் நான் வாசலில் வந்து பதிலை ஜெருஷாவின் காதில் சொல்வேன். அவள் அதைக் கூவுவாள்.

ஜெருஷாவுக்குப் படகுத்துறையில் மீன் அறுக்கிற வேலை. கணவன் போர்க்கப்பலில் போனவன், இரண்டு வருடமாகச் சேதி இல்லை. மூன்று பிள்ளைகள். அவள் கூப்பிட்டால் கடலில் போகிற மீன்கூடத் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். முதல் முறை காப்பிக்காகக் கிளம்பியபோது என் கையில் மரக்காலைக் கொடுத்து, "டீக்கனாரம்மா, நீங்க உள்ள போய் சர்க்கரையாப் பேசிட்டு வாங்க. காரத்துக்கு நான் இருக்கேன்" என்றாள். நான் சிரித்தேன். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்த வருடம் மூன்று கடைகளுக்குப் போனோம். இரண்டு பேர் கொடுத்தார்கள். ஒருவர் மாட்டேன் என்றார்; அவர் கதவை நீங்கள் கோடாலியால் பிளந்தீர்கள், ஆனாலும் காசை வைத்துவிட்டுத்தான் வந்தீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைப்பானேன், மிகவும் பெருமையாக இருந்தது.

இனி என் நிலவறை. என் கணவர் மார்ச் மாதத்தில் கிரின்னலிடமிருந்து பதினோரு பீப்பாய் உப்பு வாங்கி, வைக்கோல் வண்டியில் மறைத்துக் கொண்டுவந்து கீழே இறக்கினார். மே மாதத்தில் இறந்துபோனார். உப்பு இருந்தது. நான் அதை வாங்கவில்லை, மறைக்கவும் இல்லை. அது அங்கே இருந்தபடியே இருந்தது. குழுவின் ஆட்கள் வீடு வீடாகப் பார்த்து வந்தபோது என் வாசலில் தொப்பியைக் கழற்றினார்கள். "டீக்கனார் வீட்டுல என்னத்த எட்டிப் பாக்குறது, அடுத்த வீட்டுக்கு நடங்கடா" என்று அவர்களே போய்விட்டார்கள். நான் பொய் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். முதலில் துக்க நாட்கள் கழியட்டும் என்றிருந்தேன். பிறகு காப்பி விஷயம் முடியட்டும் என்றிருந்தேன். அதற்குள் நான் கேட்கப் போகிறவள் ஆகிவிட்டேன். கேட்கப் போகிறவள் வீட்டிலேயே இருக்கிறது என்றால் மற்றவர்களிடம் கேட்டதற்கு என்ன பொருள்? என்னைவிட ஊருக்கே அது கேவலம். மேலும், பதினோரு பீப்பாய் ஒரு ஊருக்குப் போதாது. ஒரு வீட்டுக்குப் போதும்.

அக்டோபர் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில் கிரின்னல் கடைக்குப் போனோம். அறுபது பேர் இருந்திருப்பீர்கள். நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன், அதுவும் வழக்கம்தான். அவர் ஒரு ஆப்பிளைத் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஹல்டா. முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு, ஏதோ. உப்பு இருக்கா சைலஸ்?"

"நாலு பீப்பா இருக்கு. குழு சொன்ன விலைக்கே எடுத்துக்கச் சொல்லுங்க. எனக்கு எதுக்கு வம்பு?"

நான் நன்றி சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு சொல்லவா? நாலு பீப்பா இத்தன பேருக்கு ஆளுக்கு ரெண்டு படி வராது. மீதிய யாருக்கு வித்தேன்னு கேப்பாங்க. கேட்டா சொல்லிடுவேன் ஹல்டா. இந்த வயசுல பொய் சொல்லிப் பழக முடியாது. நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிட்டா உங்களுக்கும் மரியாதையா இருக்கும். ஏசா வாங்கி வச்சாரு, இப்ப ஊருக்குத் தர்றேன்னு சொல்லுங்க. வேணும்னா நானும் பக்கத்துல வந்து நிக்கிறேன்."

நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. ஆப்பிளில் ஒரு துண்டு வெட்டி எனக்கும் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். வாயில் போட்டேனா என்று நினைவில்லை.

பலகையிலிருந்து வாசலுக்கு ஏழு தப்படிதான். அந்த ஏழு தப்படியில் என் கணவரின் கல்லறைக் கல் நினைவுக்கு வந்தது. நீதிமான் என்று அதில் வெட்டி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் என் இடம் நினைவுக்கு வந்தது. அங்கே வேறு யார் உட்காருவார் என்றும் யோசித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்த எதற்கும் நான் அவ்வளவு பயப்படவில்லை, ஆகையால் அதைச் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்தேன். ஜெருஷா காதை நீட்டினாள்.

"என்ன சொல்றான்?"

"மாட்டானாம்" என்றேன்.

அவள் உடனே கூவவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "நெசமாவா? சைலஸா? அவன் நிழலப் பாத்தாலே பயப்படுற ஆளாச்சே?"

"கேட்டதைச் சொன்னேன்."

அவள் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கூவினாள்.

மற்றதை நீங்கள் அறிவீர்கள். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். யாரோ மீன்வண்டியைக் கொண்டுவந்தீர்கள். அவரைத் தூக்கி அதில் உட்காரவைத்துச் சாவி கேட்டீர்கள். சாவியை அவர் அப்போதே கொடுத்துவிட்டார். ஆனால் மாட்டேன் என்றவனை வண்டியில் வைத்துத் துறைவரை இழுத்துக்கொண்டு போகாமல் விடுவது முறையில்லை. ஜெருஷா வண்டிக் கைப்பிடியைப் பற்றி முன்னால் இழுத்தாள். கிரின்னல், "குடுக்கிறேன்னுதானே சொன்னேன், ஹல்டாவக் கேளுங்க" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். "இப்ப குடுப்பே ராசா, இப்ப நல்லாவே குடுப்பே" என்றாள் ஜெருஷா. அவர் மறுபடியும் அதையே சொன்னார்.

ஹல்டாவைக் கேளுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். நான் கடைவாசலில் மரக்காலோடு நின்றுகொண்டிருந்தேன். யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எப்போதாவது யோசிப்பதுண்டு.

துறைக்குப் போகிற இறக்கத்தில் மீன்தண்ணீர் ஊறி வழுக்கலாக இருந்தது. ஜெருஷாவின் கை நழுவியது. வண்டி தானாக ஓடி, கப்பலைக் கயிற்றால் கட்டுகிற கல்தூணில் மோதியது. முன்னால் விழுந்த அவர் தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தார். ஜெருஷாதான் முதலில் ஓடி, வண்டியைத் தன் தோளால் நகர்த்தினாள்.

பிறகு நீங்கள் கடைக்குத் திரும்பி வந்து நாலு பீப்பாயையும் பங்கு போட்டீர்கள். காசைப் பலகைமேல் வைத்தீர்கள். ஆளுக்கு இரண்டு படி வந்தது. நானும் வரிசையில் நின்று என் பங்கை வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் பார்க்கிறவர்கள் ஏதாவது நினைப்பார்கள். பாதி வெட்டிய ஆப்பிள் பலகையில் இருந்தது. மீதி உப்பு எங்கே என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லக்கூடியவருக்குப் பேச்சு வரவில்லை.

கிரின்னல் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். பேச்சு வந்தபிறகு, கொடுக்கிறேன் என்றுதானே சொன்னேன் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவருடைய தங்கை லிடியா அதை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னாள். சாகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். அப்படியானால் மாட்டேன் என்ற சொல் யாருடையது என்று கேட்டார்.

"டீக்கனாரம்மாதான் சொன்னாங்க ஐயா. வாசல்ல வச்சு. இந்தக் காதுல" என்றாள் ஜெருஷா.

என்னை அழைத்தார்கள். என் முழங்காலைப் பார்த்து நீதிபதி நாற்காலி போடச் சொன்னார். சாட்சிக்கூண்டில் நாற்காலி போட்டது அதுவே முதல் முறை என்று பிறகு சொன்னார்கள். நான், அவர் கொடுக்கிறேன் என்றார், அதையே ஜெருஷாவிடம் சொன்னேன் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பக்கம் மீன் அறுக்கிறவள், மறுபக்கம் டீக்கனார் மனைவி. எதை எழுதுவது என்று எழுத்தருக்குக்கூடக் குழப்பம் வரவில்லை. ஜெருஷா அழவில்லை. என்னையே பார்த்தாள். "ஏன்?" என்று மட்டும் கேட்டாள். ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில். வேண்டுமென்றே பொய்யைக் கூவி ஒருவரைச் சாகடித்தாள் என்று தீர்ப்பானது.

அவளுடைய பிள்ளைகளை நான் கைவிடவில்லை. இது உங்களுக்குத் தெரியும். பலர் என்னைப் பாராட்டவும் செய்தீர்கள். நவம்பரில் என் இரண்டு பன்றிகளையும் அறுத்து உப்பிலிட்டேன். டிசம்பர் முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு துண்டை நானே கொண்டுபோய் அந்தப் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன். மூத்தவள் ரோடாவுக்கு ஒன்பது வயது. நன்றி சொல்லத் தெரிந்த பிள்ளை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவள் நினைப்பாள் என்றுதான் தோன்றுகிறது.

போன வெள்ளிக்கிழமை சிறைக்குப் போய் ஜெருஷாவைப் பார்த்தேன். பார்க்கப் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. கல்லறை மாதிரிக் குளிர். அவள் குரல் சுத்தமாகப் போய்விட்டது. உதட்டைப் பார்த்தால்தான் பேசுவது புரிகிறது. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினாள்.

"ரோடா வந்துட்டுப் போனா. வாரா வாரம் கறி திங்கிறோம்மான்னா. உப்புக்கறி."

"ஆமாம்" என்றேன்.

"ஆளுக்கு ரெண்டு படி உப்புதான் வந்துச்சு. ரெண்டு படி உப்புல ரெண்டு பன்னியா டீக்கனாரம்மா? ஆண்டவரு அஞ்சு அப்பத்தப் பெருக்குனாரு. நீங்க உப்பப் பெருக்குறீங்களோ?"

அவள் எப்போதுமே சூட்டிகையானவள். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"உங்க வீட்டுலதான் இருந்துச்சா." எழுந்து கம்பிக்குக் கிட்டே வந்தாள். "அடி கிறுக்கு மனுஷி. சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்போம்? ரெண்டு நாள் திட்டியிருப்போம். நானே மொதல் ஆளாத் திட்டியிருப்பேன். அப்புறம் உப்ப அள்ளிக்கிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருப்போம். அம்புட்டுதானே?"

இதை நான் அதற்குமுன் யோசித்ததில்லை. யோசித்துப் பார்த்தபோது சரியாகத்தான் பட்டது. எனக்கு எதுவும் ஆகவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். எனக்கு இதுவரை தாகம் எடுக்கவில்லை.

அவள் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஆறு நாள் இருக்கு. பாதிரியார்ட்ட சொல்லுங்க. போதும், ஆளுநருக்கு அவரு எழுதிருவாரு. உங்கள யாரும் ஒண்ணும் பண்ண விடமாட்டேன், நான் வந்து பேசுறேன்." பிறகு கையை விட்டுவிட்டு, "சொன்னாலும் சொல்லாட்டியும் பிள்ளைங்களுக்குக் கறிய நிறுத்திடாதீங்க" என்றாள்.

நான் எழுந்தபோது அவள் சிறைக்காவலாளியை நோக்கிக் கூவப் பார்த்தாள். வாய் பெரிதாகத் திறந்தது, காற்றுதான் வந்தது. அவன் கிட்டே வந்தான்.

"என்னம்மா சொல்றா?"

"ஜெபம் பண்ணச் சொல்றா" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுக் கதவைப் பூட்டினான்.

அவ்வளவுதான். கிரின்னல் கொடுக்கிறேன் என்றார். மாட்டேன் என்றது நான். நீதிமன்றத்தில் சொன்னதும் பொய். நிலவறையில் இன்னும் ஒன்பது பீப்பாய் இருக்கிறது. அதைச் சபைக்கே கொடுத்துவிடுகிறேன். ஜெருஷாவின் பிள்ளைகளை என் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறேன். மாடி அறையை ஏற்கெனவே பெருக்கி வைத்திருக்கிறேன்.

இன்று திங்கட்கிழமை. இப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று சால்வையைக்கூடப் போட்டுக்கொண்டேன். ஆனால் வியாழக்கிழமை காலை தூக்குமரத்தடியில் பாதிரியார் ஐயா பிரசங்கம் செய்ய வேண்டும். நாலு ஊர்ச் சனம் வரும். பாவம், இரவு பகலாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரைக் குழப்ப மனம் வரவில்லை. சனிக்கிழமை மாலை அவர் ஓய்வாக இருப்பார். அப்போது இதை அவர் கையில் கொடுப்பேன். ஒரு சாவுக்கு ஒரு சாவு என்கிற சட்டத்தின் பசியும் அதற்குள் அடங்கியிருக்கும். மிச்சம் சபையின் காரியம்தான், நீங்கள் கை உயர்த்த வேண்டியதுதான்.

உண்மையை மறைக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. யாராவது என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்டிருந்தால், நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டேன்.